வாத்து விடுமுறை: ஜேம்ஸ் விரிகுடாவின் கிரீ மக்கள் பள்ளி நாட்காட்டியை மாற்றிய கதை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள கிரீ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வாக்கில் பள்ளிக்கூடங்களை ஏறக்குறைய இரண்டு வாரம் மூடிவிடுவார்கள். அது கோடை விடுமுறை இல்லை, பண்டிகையும் இல்லை. தெற்கே குளிர்காலத்தைக் கழித்த கனடா வாத்துகள் கூட்டங்கூட்டமாக வடக்கே திரும்பும் நேரம் அது. தாத்தா பாட்டியிலிருந்து தோளில் தூக்கிப்போகும் குழந்தை வரை குடும்பமாகக் கிளம்பிக் கரையோர முகாம்களுக்குப் போய்விடுவார்கள். வாஸ்ககனிஷ், சிசாசிபி, வெமிண்ட்ஜி, ஈஸ்ட்மெய்ன் என்று எந்தக் கரையோர ஊரை எடுத்துக்கொண்டாலும் இந்த நாட்களில் அலுவலகங்கள் பேருக்குத்தான் இயங்கும்.

பண்பாட்டைக் காப்பாற்றுவது என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது விழா, உடை, பாட்டு, அருங்காட்சியகம். இவர்கள் கை வைத்தது நாட்காட்டியில். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்க வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும், அதுவும் அந்த வேலை நடக்கும் பருவத்தில் இருந்தாக வேண்டும். இவ்வளவு எளிமையான விஷயத்தைச் சட்டமாகவும் பள்ளி நடைமுறையாகவும் ஆக்கிய சமூகங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அதனால்தான் இந்த இரண்டு வாரத்தைத் தனியாக எடுத்து ஆராயலாம் என்று தோன்றியது. அதில் என்ன கைமாறுகிறது, எங்கே அது அறுந்துபோனது, எப்படி மீண்டது, மீண்ட பிறகும் என்ன சிக்கல் பாக்கி இருக்கிறது என்று பார்ப்போம்.

சுடாமல் இருக்கும் வித்தை

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பது போலத் தெரியும். சுடுவது இதில் சின்னப் பங்குதான். குறி பார்க்க ஒரு பையன் சீக்கிரமே பழகிவிடுவான், ஆனால் எப்போது சுடக்கூடாது என்பது பிடிபட வருடக்கணக்காகும்.

கிரீ மக்களின் நிலம் முந்நூறுக்கும் மேற்பட்ட வேட்டைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் ஒரு மூத்தவர் உண்டு. கரையோரத்தில் வாத்து வேட்டைக்கென்றே ஒரு தலைவர் இருப்பார். அவர் தேர்தலில் வந்தவர் இல்லை, அந்த நிலத்தில் வளர்ந்து, அதற்கு முன்பு பார்த்துக்கொண்டவரிடம் பழகி வந்தவர். இன்றைக்கு எந்த இடத்தில் வேட்டை, எந்த இடத்துக்கு ஓய்வு, யார் எங்கே உட்கார்வது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். காலையில் எழுந்ததும் அவர் பார்ப்பது காற்றை.

காற்றில்லாத நாளில் வேட்டை கிடையாது. அமைதியான நாளில் ஒரு வெடிச்சத்தம் கரை நெடுகக் கேட்கும், அடுத்த விரிகுடாவில் மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் வரைக்கும் கலைந்துவிடும். நல்ல காற்றடிக்கும் நாளில் சத்தம் அந்த இடத்தோடு அடங்கிவிடும், வாத்தும் தாழப் பறக்கும். இருட்டிய பிறகும் சுடக்கூடாது, ஏனென்றால் துப்பாக்கி வாயில் தெரியும் நெருப்பு பறவையை அரள வைக்கும். ஒரே இடத்தில் தொடர்ந்து சுடாமல், அடித்த இடத்தைச் சில நாள் சும்மா விட்டு வேறு இடத்துக்கு நகர்வார்கள். மேய்கிற இடத்துக்கு அருகே பளிச்சென்ற நிறத்தில் உடுத்திப் போவதோ, தேவையில்லாமல் ஸ்னோமொபைல் என்ற பனிவண்டியை உறுமவிடுவதோ தவறு. பல முகாம்களில் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைத் தொடுவதில்லை. அது கிறித்தவம் வந்த பிறகு சேர்ந்தது, இப்போது வேட்டை ஒழுங்கோடு ஒட்டிக்கொண்டு வாத்துக்கும் ஒருநாள் ஓய்வாகிவிட்டது.

இதையெல்லாம் படித்து மனப்பாடம் செய்யலாம். ஆனால் வானம் தெளிவாக இருக்கிறது, கூட்டம் கண்ணுக்கு முன்னால் இறங்குகிறது, கையில் துப்பாக்கியும் இருக்கிறது, காற்று மட்டும் இல்லை என்ற நிலையில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமென்றால், பக்கத்தில் ஒரு மூத்தவர் அதேபோலச் சும்மா உட்கார்ந்திருப்பதை அவன் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்க வேண்டும்.

மறைப்புக்குள் இருக்கும் நேரம்தான் பாடத்தின் பெரும்பகுதி. பனியையோ கிளைகளையோ வைத்துக் கட்டிய மறைப்பு, முன்னால் பொம்மை வாத்துகள், கையில் தேநீர்க் குடுவை. முன்பெல்லாம் சேற்றுக் கட்டி, மரக்கட்டை, டாமராக் மரத்தின் மெல்லிய சுள்ளிகள் ஆகியவற்றால் பொம்மை வாத்து செய்வார்கள். இன்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பொம்மைகளும் இருக்கின்றன. வாத்தைப் போலவே குரல் கொடுத்து அழைப்பது இன்னொரு கலை. தூரத்தில் போகும் கூட்டத்தை அழைக்க ஒரு தொனி, திரும்பி வருகிறது என்றால் வேறு தொனி, இறங்கப்போகிறது என்றால் நிறுத்திவிட வேண்டும். சின்னப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே முகாமுக்குள் ஓடி ஓடிக் கத்திப் பழகுவார்கள், யாரும் உட்காரவைத்துக் கற்றுத்தருவதில்லை.

வாத்தும் தன் குஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்கிறது

இந்த விதிகளுக்கு அடியில் இருக்கும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. கனடா வாத்துக் குஞ்சுகள் பிறந்த ஆண்டில் தாய் தந்தையோடு சேர்ந்தே தெற்கே பறக்கும், குளிர்காலம் முழுக்கக் குடும்பமாகவே இருக்கும், வசந்தத்தில் அவற்றோடேயே வடக்கே திரும்பும். எந்தக் கரையில் இறங்குவது, எங்கே புல் நன்றாக இருக்கும், எங்கே ஆபத்து என்பதைக் குஞ்சு அந்தப் பயணத்தில்தான் கற்கிறது. அதாவது வழியும் இறங்குமிடமும் வாத்துக் குடும்பத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன.

கிரீ வேட்டைக்காரர்கள் இதைத் தங்கள் வழியில் நெடுங்காலமாக அறிந்தவர்கள். அவர்களுடைய பேச்சில் வாத்து புத்தியுள்ள உயிர், பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளும், மதிப்போடு நடத்தினால் தன்னைத் தானாகக் கொடுக்கும், அவமதித்தால் விலகிப்போகும். இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. காற்றில்லாத நாளில் ஒரு இடத்தில் கண்மண் தெரியாமல் சுட்டால் தப்பித்துப் போன வாத்துகள் அந்த இடத்தை ஆபத்தான இடமாகக் கற்றுக்கொள்கின்றன, அடுத்த ஆண்டு தங்கள் குஞ்சுகளை அங்கே இறக்குவதில்லை. அப்படியானால் ஒரு பையன் அவசரப்பட்டுச் சுடும் ஒரு சூடு, அன்றைய வேட்டையைக் கெடுப்பதோடு, அவன் தம்பி வளர்ந்து துப்பாக்கி எடுக்கும் காலத்து வேட்டையையும் கெடுக்கும்.

ஆக, அந்தக் கரையில் இரண்டு பள்ளிக்கூடங்கள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மனிதர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வாத்துகள் குஞ்சுகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. இரண்டில் எது அறுந்தாலும் வேட்டை நின்றுபோகும். இந்தக் கரையில் இரண்டுமே அடிபட்டன, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கைகளால்.

முகாமுக்குள்

ஆண்கள் மறைப்பில் இருக்கும்போது கூடாரத்தில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேட்டை பற்றிய எழுத்துகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் ஓரிரண்டு வரியில் முடிந்துவிடும். இன்று பெண்களும் துப்பாக்கியோடு போகிறார்கள், அது தனி. கூடாரத்துத் தரையில் ஸ்ப்ரூஸ் மரத்தின் கிளைநுனிகளை நெருக்கமாகப் பரப்பியிருப்பார்கள், உள்ளே நுழைந்தாலே அந்தப் பச்சை வாசனை. பாட்டியும் அம்மாவும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து இறகு பிடுங்குவார்கள். பெரிய இறகு தனி, மெல்லிய தூவி தனி. தூவி தலையணைக்கும் போர்வைக்கும் போகும். சிறகு அடுப்படி பெருக்கும் துடைப்பமாகும். பிறகு மிச்ச முடியைத் தீயில் வாட்டி எடுத்து, அறுத்து, ஈரல், இரைப்பை, கால், தலை என்று எல்லாவற்றையும் பிரித்து வைப்பார்கள். வீணாக்குவது வாத்தை அவமதிப்பது. எலும்புகளைக்கூட நாய் இழுக்கும்படி போடாமல் மரத்தில் கட்டிவைப்பதோ மேடை போட்டு வைப்பதோ வழக்கம்.

சமையலில் ஒன்று எல்லோருக்கும் பிடித்தது. முழு வாத்தை ஒரு கயிற்றில் கட்டி, கூடாரத்தின் நடுவில் எரியும் நெருப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடுவார்கள். கயிற்றை முறுக்கிவிட்டால் வாத்து தானே சுழலும், முறுக்கு தீர்ந்ததும் மறுபக்கம் சுழலும், நின்றுபோனால் யாராவது எட்டி மறுபடி முறுக்கிவிட வேண்டும். கீழே ஒரு சட்டியில் கொழுப்பு சொட்டிக்கொண்டே இருக்கும், அதை பானக் என்ற ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுவார்கள். வேகப் பல மணி நேரம் ஆகும். கயிறு முறுக்கும் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுடையது, அந்த நேரம் முழுக்கப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அங்கேயே கிடக்க வேண்டியதுதான். யார் எந்த ஆண்டு எந்தப் பனியில் மாட்டிக்கொண்டார், எந்த ஓடை முதலில் உருகும், எந்தப் பாறைக்குப் பின்னால் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்றெல்லாம் கதையாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

நடக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஒரு சடங்கு உண்டு. கூடாரத்துக்குள்ளிருந்து முதல்முறையாகத் தன் காலால் வெளியே நடந்து, அங்கே நட்டுவைத்த மரத்தைச் சுற்றிவிட்டு உள்ளே திரும்ப வேண்டும். பையன் கையில் பொம்மைத் துப்பாக்கி, பெண் குழந்தை கையில் சின்னக் கோடரியும் விறகும். உள்ளே காத்திருக்கும் மூத்தவர்களிடம் கொண்டுவந்ததைக் கொடுக்க வேண்டும். நிலத்தில் கால் வைப்பதும் கிடைத்ததைப் பகிர்வதும் அந்தக் குழந்தைக்கு ஒரே நாளில் தொடங்குகின்றன. பிற்பாடு முதல் வாத்தை வீழ்த்தும்போதும் இதேதான், அதை எடுத்துப்போய் மூத்தவர்களிடம் கொடுப்பார்கள். சில குடும்பங்கள் அந்த முதல் வாத்தின் தலையை மணி கோத்து அலங்கரித்து வைத்துக்கொள்ளும்.

அறுந்த இடம்

1930களிலிருந்து 1970கள் வரை இந்தக் கரையின் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்துப் படிப்பித்த உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஃபோர்ட் ஜார்ஜில் ஆங்கிலிக்கன் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளியும் இருந்தன. மூஸ் ஃபேக்டரி என்ற ஊருக்கும், 1963இல் திறந்த லா டூக் பள்ளிக்கும், தெற்கு ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபர்டுக்கும் அனுப்பப்பட்டவர்கள் உண்டு. இந்தப் பள்ளிகளில் நடந்த அடி, பாலியல் கொடுமை, தாய்மொழி பேசியதற்குத் தண்டனை எல்லாம் 2008 முதல் 2015 வரை இயங்கிய கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன்னால் பதிவானவை. அவற்றோடு ஒப்பிட்டால் நாட்காட்டி சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செப்டம்பரில் போய் ஜூனில் திரும்பும் பிள்ளைக்கு வசந்த வேட்டை என்ற ஒன்றே கிடையாது. எட்டு வயதில் போய்ப் பதினாறில் திரும்பினால் இடையில் வந்த எல்லா வசந்தமும் போயிற்று. திரும்பி வந்து அப்பாவோடு மறைப்பில் உட்கார்ந்தால் காற்றும் தெரியாது, அப்பா பேசும் சொல்லும் பாதி புரியாது.

சட்டமும் இன்னொரு பக்கத்திலிருந்து நெருக்கியது. 1916இல் அமெரிக்காவும் கனடாவுக்காக பிரிட்டனும் போட்ட வலசைப் பறவை ஒப்பந்தம், மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டைக்குத் தடை விதித்தது. தெற்கே விளையாட்டுக்காகச் சுடுபவர்களை மனதில் வைத்து எழுதியது அது. வடக்கே குளிர்காலம் முடிந்து முதல் நல்ல இறைச்சி கிடைப்பதே ஏப்ரல், மே மாதத்தில்தான் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. 1962 மே மாதம் யெல்லோநைஃப் அருகே ஒரே ஒரு காட்டு வாத்தைச் சுட்டதற்காக டெனே என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த மைக்கேல் சிக்கியே மீது வழக்குப் போட்டார்கள், 1964இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளிதான் என்று உறுதிசெய்தது. ஜேம்ஸ் விரிகுடாவில் அவ்வளவு கெடுபிடி இல்லை என்றாலும், பேரனுக்குத் தாத்தா கற்றுத்தரும் விஷயம் ஏட்டில் குற்றமாகவே இருந்தது. 1995இல் கையெழுத்தாகி 1999இல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் பூர்வகுடிகளின் வசந்த வேட்டையை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

1975க்குப் பிறகு

1971இல் கியூபெக் முதல்வர் ரொபேர் பூராசா ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தார். கிரீ மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கு நடந்தது, 1973 நவம்பரில் நீதிபதி அல்பேர் மாலூஃப் வேலையை நிறுத்தச் சொன்னார், ஒரு வாரத்துக்குள் மேல்முறையீட்டில் அந்த ஆணையை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா மற்றும் வட கியூபெக் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணைகளை நிறுத்த முடியவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குள் கிரீ தலைவர்கள் இரண்டு விஷயங்களைப் பிடித்து வாங்கினார்கள், இந்த வாத்து விடுமுறை முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது.

ஒன்று, கிரீ பள்ளி வாரியம். பள்ளி ஆண்டு எப்போது தொடங்குவது, எப்போது மூடுவது என்பதை இனி இவர்களே சொல்லலாம். வசந்தத்தில் வாத்து விடுமுறையும் இலையுதிர் காலத்தில் மூஸ் மான் விடுமுறையும் அப்படித்தான் நாட்காட்டிக்குள் வந்தன, அதை ஈடுகட்டப் பள்ளியை ஆகஸ்டிலேயே திறந்துவிடுகிறார்கள். இன்னொன்று, வேட்டைக்காரர்களுக்கான வருமானப் பாதுகாப்புத் திட்டம். வருடத்தில் குறைந்தது 120 நாள் காட்டில் இருக்கும் குடும்பத்துக்கு நாள் கணக்கில் பணம், கணவன் மனைவி இருவரின் நாட்களும் சேரும். எரிபொருள், தோட்டா, படகு மோட்டார் என்று கையில் காசில்லாமல் முகாம் போட முடியாத காலம் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொண்ட திட்டம் இது. நிலத்தோடு முழுநேரம் இருக்கும் சில குடும்பங்கள் ஒவ்வொரு பகுதியிலும் மிஞ்சியதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. அப்படிச் சிலர் மிஞ்சாவிட்டால் விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட முகாமும் இருக்காது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்காது.

விடுமுறையே கொண்டுவந்த சிக்கல்

சரி, பள்ளி மூடுகிறது, எல்லோரும் போகிறார்கள், பிரச்சினை தீர்ந்ததா? பாதி தீர்ந்தது. காற்று வரட்டும் என்று காத்திருப்பதுதான் இந்த வேட்டையின் உயிர் என்றால், தேதி குறித்த இரண்டு வாரம் அதற்கு நேர் எதிர். சம்பள வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்த நாட்கள்தான் உண்டு. எட்டு நாள் காற்றில்லாமல் போனால் என்ன செய்வார்? ஒன்பதாம் நாள் அவருக்கும் கை அரிக்கும். ஒரே சமயத்தில் ஏகப்பட்ட பேர் கரைக்கு வருவதால் ஸ்னோமொபைல் சத்தம், வெடிச்சத்தம், எல்லா இடத்திலும் ஆள். இடத்துக்கு ஓய்வு கொடுக்கும் முறை ஆட்டம் காண்கிறது, தலைவர் சொல்வதைக் கேட்காமல் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெமிண்ட்ஜிப் பகுதியில் ஆய்வு செய்தவர்களிடம் மூத்த வேட்டைக்காரர்களே இந்தக் குறையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பனியும் முன்போல இல்லை. கரையோர உறைபனிமேல் ஸ்னோமொபைலில் போய் முகாமிட்டு, பனி உடைந்த பிறகு படகில் திரும்புவது பழைய வழக்கம். இப்போது பனி எப்போது மெலியும் என்பதைப் பழைய அனுபவத்தை வைத்து மட்டும் சொல்ல முடிவதில்லை. ஆபத்து கூடியதால் சிலர் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். பனியைப் படிப்பதும் வேட்டைக் கல்வியின் ஒரு பகுதிதான், மேலே பறந்து போகும் பிள்ளைக்கு அது விட்டுப்போகிறது. அதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

இவ்வளவு இருந்தும் இந்த விடுமுறை வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் முழு வேட்டைக்காரர் உருவாகமாட்டார், ஆனால் இரண்டு வாரமும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உறைவிடப் பள்ளிக் காலம் ஏற்கெனவே காட்டிவிட்டது.

வாத்தின் பக்கம் அறுந்தது

இப்போது அந்த இரண்டாவது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 1980இல் அந்த நீர்மின் திட்டத்துக்காக ஈஸ்ட்மெய்ன் ஆற்றின் நீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தை லா கிராண்ட் ஆற்றுக்குத் திருப்பிவிட்டார்கள். மின்தேவை அதிகமாக இருக்கும் குளிர்காலத்தில் லா கிராண்ட் வழியாக இயற்கையில் ஓடியதைவிடப் பல மடங்கு நன்னீர் கடலுக்குள் போகிறது. கரையோர ஆழமற்ற கடலில் ஈல்கிராஸ் என்ற கடற்புல் வயல் வயலாக வளர்ந்து கிடக்கும், வாத்துகள் அங்கே இறங்கியதற்கு அது பெரிய காரணம். 1990களின் கடைசியில் அந்தப் புல் மிகப் பெரிய அளவில் அழிந்தது. நன்னீரா, வெப்பமா, நோயா, எல்லாம் சேர்ந்தா என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. வேட்டைக்காரர்கள் அணையைத் தொடக்கத்திலிருந்தே சுட்டிக்காட்டி வந்தார்கள். வாத்துக் கூட்டங்களோ கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம், நீர்த்தேக்கங்கள் இருக்கும் வழியில் நகர்ந்தன. கரையில் இறங்காத பெற்றோரிடம் வளர்ந்த குஞ்சுக்குக் கரை தெரியாது.

இதே காலத்தில் பறவையின் எண்ணிக்கையே ஒருமுறை பயமுறுத்தியது. வட கியூபெக்கின் உங்காவா பகுதியில் முட்டையிடும் அட்லாண்டிக் கூட்டம் 1988இல் சுமார் 1,18,000 இணைகளாக இருந்தது, 1995இல் 29,000 ஆகக் குறைந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அந்தக் கூட்டத்தின் மீதான விளையாட்டு வேட்டையைச் சில ஆண்டுகள் நிறுத்தினார்கள், பிறகு எண்ணிக்கை ஏறியது.

அதற்கும் முன்பிருந்தே நிலம் தன் பங்குக்கு மாறிக்கொண்டிருந்தது. பனியுகத்துப் பனிப்பாறையின் கனம் நீங்கியதால் இந்தக் கரை நூறு ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் வீதம் இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. தாத்தா காலத்துச் சதுப்பு நிலம் பேரன் காலத்தில் புதராகிவிடும், வாத்து இறங்கிய குளம் வற்றிவிடும். இதற்கு வெமிண்ட்ஜி மக்கள் செய்ததைப் பார்த்தால் மரபு என்றால் அப்படியே வைத்திருப்பது என்ற எண்ணமே போய்விடும். மேடாகிப்போகும் சதுப்பில் தண்ணீர் தேங்கி நிற்க மண்ணால் கரை கட்டினார்கள். காடு வளர்ந்து வாத்தின் பறக்கும் பாதையை மறைத்த இடங்களில் மரங்களை வெட்டி நீளமான திறப்புகளை உண்டாக்கினார்கள், அவற்றுக்கு தூஹிகான் என்று பெயர். கூட்டம் அந்தத் திறப்பு வழியே தாழப் பறந்து வரும். சில இடங்களில் புல் தளிர்க்கத் தீயும் வைத்தார்கள். ஆனால் எவ்வளவு காலம் ஒரு இடத்தைப் பிடித்துவைப்பது, எப்போது அதை விட்டுவிட்டுப் புதிதாக எழுந்த கரைக்குப் போவது என்பதும் தலைவரின் முடிவுதான், அப்படி விட்டுவிட்ட இடங்களும் நிறைய.

கரைகட்டுவதும் மரம் வெட்டுவதும் விடுமுறையில் நடக்கிற வேலை இல்லை. வாத்து வந்திருக்கும்போது கோடரிச் சத்தம் எழுப்ப முடியாது. மற்ற மாதங்களில், முகாமில் ஆளில்லாத நேரத்தில், நிலத்தை முழுநேரமாகப் பார்த்துக்கொள்ளும் அந்தச் சில குடும்பங்கள்தான் இதைச் செய்கின்றன, கூட வரும் இளைஞர்களும் சிலர்தான். பள்ளி நாட்காட்டி வாத்து வரும் நாட்களுக்கு இடம் கொடுத்துவிட்டது. வாத்து இல்லாத நாட்களில் நடக்கும் இந்த வேலைக்கு இன்னும் கொடுக்கவில்லை, அடுத்து கேட்க வேண்டியது அதைத்தான்.